பணியாளர் நிற்காத அலுவலகத்துக்கு நிதி கேட்பது எப்படி?

உங்கள் கேள்வி இது. குழந்தை நல நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறீர்கள். களப்பணியாளர்கள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் விலகிப் போய்விடுகிறார்கள். இருக்கிற மேற்பார்வையாளர்களும் ஓய்ந்துபோயிருக்கிறார்கள். நிறுவனத்துக்குள்ளேயே மாற்றம் கொண்டுவரும் திட்டங்களுக்கு மூன்றாண்டு நிதி தருவதாக ஓர் அழைப்பு வந்திருக்கிறது, அவகாசம் இரண்டு மாதம். எங்கிருந்து தொடங்குவது, எழுதிக்கொடுக்க வெளியாளை வைத்துக்கொள்ளலாமா, எதற்கெல்லாம் பணம் கேட்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வேலையில் கேட்கும் இடத்திலும் இருந்திருக்கிறேன், கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்கும் இடத்திலும் இருந்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் கண்டது ஒன்றுதான். அலுவலகத்தில் செய்யப்போகும் மாற்றம் குழந்தையிடம் எந்த வழியாகப் போய்ச் சேரும் என்று சொல்லத் தெரியாத விண்ணப்பம் தேறுவதில்லை. முதல் நான்கு பக்கம் குழந்தைகளின் துன்பத்தைப் பற்றி உருக்கமாக எழுதியிருப்பார்கள். அடுத்த பத்துப் பக்கம் பயிற்சி, மென்பொருள், ஆலோசகர் என்று போகும். இடையில் பாலம் இருக்காது. படிப்பவருக்கு இரண்டு வேறு விண்ணப்பங்களைச் சேர்த்துத் தைத்தது போலத் தெரியும்.

பாலம் என்று எதைச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கோப்பைக் காட்டுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காக விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது, வேறு எதையும் பார்ப்பதற்கு முன் ஒரு குழந்தையின் கோப்பைக் கேட்டு வாங்கினேன். பெயர், ஊர் எல்லாம் மறைத்துத்தான் கொடுத்தார்கள். ஒன்பது வயதுப் பையன். பதினெட்டு மாதத்தில் ஐந்து பணியாளர்களின் கையெழுத்து. முதலாமவர் ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்தார்: "இருட்டில் தூங்க மாட்டான். அறைக்கு வெளியே ஒரு விளக்கு எரிந்தால் போதும்." இரண்டாமவரின் குறிப்பில் அது "உறக்கத்தில் சிக்கல் உண்டு" என்று சுருங்கியது. மூன்றாமவரின் அறிக்கையில் அந்த வரியே இல்லை. நான்காமவர் காலத்தில் பையன் வேறொரு வளர்ப்புக் குடும்பத்துக்கு மாறினான். அங்கிருந்து புகார் வருகிறது: இரவானால் அடம், யாரையும் தூங்க விடுவதில்லை. ஐந்தாமவர் நடத்தைக் கோளாறுக்குச் சிகிச்சை பரிந்துரைத்து எழுதியிருக்கிறார். மூன்றாவது வீடு தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து பேரில் ஒருவர்கூட அக்கறையில்லாதவர் கிடையாது. ஒவ்வொருவரும் தன்னால் ஆனதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் கைமாறும்போது நேரில் உட்கார்ந்து பேச அந்த அலுவலகத்தில் நேரம் ஒதுக்கப்படவில்லை. விலகுபவர் வெள்ளிக்கிழமை போவார், புதியவர் மூன்று வாரம் கழித்து வருவார், நடுவில் கோப்பு ஒரு மேற்பார்வையாளரின் மேசையில் கிடக்கும். அந்தப் பையனின் தூக்கம் போனது அங்கேதான். நிறுவன மாற்றத்துக்கு ஏன் பணம் வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது. உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு கோப்பு இருக்கும். தேடி எடுங்கள். அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றி, உரிய ஒப்புதல் பெற்று, அதிலிருந்தே எழுத ஆரம்பியுங்கள்.

ஒரு கோப்பு மட்டும் போதாது, ஆய்வும் வேண்டும். இந்தத் துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுவது அமெரிக்காவின் மில்வாக்கி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்ற பிரிவு) செய்து 2005இல் வெளிவந்த ஆய்வு. வீட்டைப் பிரிந்து பராமரிப்புக்குள் வந்து, பிறகு சொந்த வீடோ தத்து வீடோ போன்ற நிரந்தரக் குடும்பத்தைச் சென்றடைந்த குழந்தைகளைப் பார்த்தபோது, 74.5 சதவீதத்தினருக்கு ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே பணியாளர் இருந்தார். இரண்டு பேர் கைமாறியவர்கள் 17.5 சதவீதம். ஆறு, ஏழு பேர் மாறியவர்கள் 0.1 சதவீதம். எண்ணைப் பார்த்தால் நெஞ்சு பதறும், உடனே எடுத்து ஒட்டத் தோன்றும். நிதானமாகக் கையாளுங்கள். சீக்கிரம் வீடு திரும்பிய குழந்தைக்கு ஆள் மாற அவகாசமே இருந்திருக்காது அல்லவா? ஆள் மாறியதால்தான் தாமதமா, தாமதத்தால் ஆள் மாறினார்களா என்று மதிப்பீட்டுக் குழுவில் ஒருவராவது கேட்பார். அந்தக் கேள்வியை நீங்களே முன்கூட்டி எழுதி, "தொடர்பு தெளிவு, காரணம் முழுதும் இதுதான் என்று நாங்கள் சொல்லவில்லை" என்று ஒரு வரி சேர்த்தால் உங்கள் மேல் நம்பிக்கை கூடும்.

பணிச்சூழலையும் குழந்தையையும் நேராக இணைத்தது 1998இல் வந்த சார்லஸ் கிளிசன், அந்தோணி ஹெம்மல்கார்ன் ஆகியோரின் ஆய்வு. டென்னசி மாநிலத்தின் 24 கவுண்டிகளில் 32 அரசுக் குழந்தைப் பணி அலுவலகங்கள், 250 குழந்தைகள். குழந்தைகளின் மனநலமும் நடத்தையும் எவ்வளவு மேம்பட்டன என்பதை எல்லாவற்றிலும் அதிகமாக முன்னறிவித்தது அலுவலகத்தின் பணிச்சூழல். அதாவது தன் வேலை எது என்று தெளிவாகத் தெரிவது, சக பணியாளர்களோடு ஒத்துப்போவது, முரண்பாடு குறைவாக இருப்பது போன்றவை. அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது, பலரும் அதைக் கவனிப்பதில்லை. துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பைக் கூட்டுவதற்காகச் செய்த ஏற்பாடுகள் குழந்தைகளின் முன்னேற்றத்தில் எந்த மாற்றமும் தரவில்லை, சேவையின் தரத்தைக் குறைக்கவும் செய்தன. பொறுப்பு பலர் தோளுக்குப் போனால் யார் தோளிலும் நிற்காது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பத்து விண்ணப்பத்தில் ஏழெட்டு, "ஒருங்கிணைப்புக் குழு அமைப்போம்" என்றுதான் தொடங்கும். நீங்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கிளிசனும் அவருடன் இருந்தவர்களும் ஏ.ஆர்.சி. (ARC: Availability, Responsiveness, Continuity) என்ற நிறுவன மாற்ற முறையை உருவாக்கினார்கள். குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்து 2006இல் வெளியிட்டபோது, அந்த முறை நடந்த குழுக்களில் ஒரு பணியாளர் விலகும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. நிறுவனத்தைத் திருத்தினால் ஆள் நிற்பார்கள் என்பதற்கு இப்படிக் கட்டுக்கோப்பான சான்று இருக்கிறது. அழைப்பில் "சான்று அடிப்படையிலான" என்ற சொல் இருந்தால் இது உங்களுக்குக் கைகொடுக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அங்கே பலித்தது என்பதற்காக ஏதோ ஒரு முறையைப் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப உங்கள் நோயை வர்ணிக்காதீர்கள். அமெரிக்காவில் மத்திய அரசின் குழந்தைகள் பணியகம் 2016இல் பணியாளர் மேம்பாட்டுக்கென ஒரு தர உயர்வு மையத்துக்கு நிதி கொடுத்தது, நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழகத்தின் தலைமையில். எட்டு நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. எட்டிலும் முறையீடு ஒன்றுதான், ஆள் நிற்பதில்லை. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் முதலில் தேவையை அலசிப் பார்த்துவிட்டுத்தான் மருந்தை முடிவுசெய்தார்கள். லூசியானாவில் வேலைப் பங்கீட்டையே மாற்றினார்கள். ஓக்லஹாமாவில் ஆளெடுக்கும் முறையில் கைவைத்தார்கள். வர்ஜீனியாவில் குறிப்புகளைத் தட்டச்சு செய்வதற்குப் பதில் வாயால் சொல்லிப் பதிய வசதி. வாஷிங்டனில் தொலைவிலிருந்து வேலை செய்யும் ஏற்பாடு. மில்வாக்கியில் ஏ.ஆர்.சி. காய்ச்சல் என்று வந்தவர்களுக்கெல்லாம் ஒரே மாத்திரை கொடுக்கவில்லை என்பதே அதில் நான் எடுத்துக்கொண்ட பாடம்.

ஆகவே உங்கள் இரண்டு மாதத்தில் முதல் மூன்று வாரம் ஒரு வரிகூட எழுதாதீர்கள். அலுவலகத்தைப் பாருங்கள்.

முதலில் எண்கள். கடந்த மூன்றாண்டில் யார் யார் போனார்கள், எந்தக் குழுவிலிருந்து, சேர்ந்து எத்தனையாவது மாதத்தில்? மொத்தச் சதவீதத்தைச் சொல்வதில் பயனில்லை. ஓய்வு, இடமாற்றம், பதவி உயர்வு எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் தடுத்திருக்கக்கூடிய விலகல்களை மட்டும் தனியே எடுங்கள். பெரும்பாலும் ஒரு வடிவம் தெரியும். ஆறு மாதத்துக்குள் போனவர்கள் அதிகம் என்றால் ஆளெடுப்பிலோ முதல் வாரங்களின் வரவேற்பிலோ கோளாறு. மூன்றாம் ஆண்டில் போகிறார்கள் என்றால் சோர்வு, அல்லது மேலே போக வழியில்லை. இரண்டு குழுவிலிருந்து மட்டும் போகிறார்கள் என்றால் அந்த இரண்டு மேற்பார்வையாளருக்கு உதவி தேவை. மூன்றுக்கும் மருந்து வேறு.

பிறகு சுமை. ஒருவர் கையில் எத்தனை குழந்தைகள்? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2003இல் கொடுத்த அறிக்கையில், ஒரு பணியாளருக்கு 12 முதல் 15 குழந்தைகள் என்பது அமெரிக்கக் குழந்தை நலக் கூட்டமைப்பின் பரிந்துரை என்று சொல்லி, நடப்பில் 10 முதல் 110 வரை இருந்ததாகவும் சராசரி 24 முதல் 31 என்றும் பதிவுசெய்தது. அதே அறிக்கையில் ஆண்டுக்கு 30 முதல் 40 சதவீதம் பேர் விலகுவதாகவும், சராசரிப் பணிக்காலம் இரண்டாண்டுக்கும் குறைவு என்றும் இருக்கிறது. உங்கள் எண்ணை இதன் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். ஆனால் தலையெண்ணிக்கை மட்டும் சுமையைச் சொல்லாது. ஒரே வீட்டில் இருக்கும் மூன்று பிள்ளைகளும், மூன்று வேறு ஊர்களில் இருக்கும் மூன்று பிள்ளைகளும் ஒன்றல்ல.

அதனால்தான் நேரக் குறிப்பு எடுக்கச் சொல்வேன். விருப்பப்பட்ட ஏழெட்டுப் பணியாளர்கள் இரண்டு வாரம் அரைமணிக்கு ஒருமுறை என்ன செய்கிறோம் என்று ஒரு சிறு நோட்டில் எழுதட்டும். அப்படி ஒருவர் எழுதிய நோட்டை நான் பார்த்தேன். ஒரே குடும்பத்தின் முகவரியை ஒரே நாளில் ஏழு படிவங்களில் எழுதியிருந்தார். ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே அடித்து, எண்ணி வைத்திருந்தார். பக்கத்தின் அடியில், "இன்று குழந்தையோடு பேசியது: இருபது நிமிடம்" என்று இருந்தது. அந்தப் பக்கத்தை விண்ணப்பத்தின் பின்னிணைப்பில் சேர்த்தோம். அதன் பிறகு அந்த நிறுவனத்துக்கு என்ன தேவை என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கிலாந்தில் 2010இல் அரசு பேராசிரியர் எய்லீன் மன்றோவிடம் குழந்தைப் பாதுகாப்பு முறையை முழுதாக ஆராயும் பொறுப்பைக் கொடுத்தது. 2011 மே மாதம் வந்த இறுதி அறிக்கை 15 பரிந்துரைகளை முன்வைத்தது. ஒவ்வொரு துயரச் சம்பவத்துக்குப் பிறகும் ஒரு விதி, ஒரு படிவம், ஒரு காலக்கெடு என்று சேர்ந்துகொண்டே போய், விதியைப் பின்பற்றினோமா என்பதே வேலையாகி, குழந்தைக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது என்பது அதன் சாரம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு படிவமும் நியாயமானது, மொத்தமாகச் சேரும்போதுதான் மூச்சு முட்டுகிறது. ஆகவே உங்கள் விண்ணப்பத்தில் "இனி இவற்றைச் செய்யப்போவதில்லை" என்று ஒரு பகுதி கட்டாயம் வையுங்கள். எந்தப் படிவம் போகும், எந்தக் கூட்டம் நிற்கும், எந்த ஒப்புதல் இரண்டு கையெழுத்திலிருந்து ஒன்றாகும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். நிரம்பி வழியும் பாத்திரத்தில் இன்னும் ஊற்றவே நிதி கேட்கிறார்கள் என்ற ஐயம் படிப்பவருக்கு எப்போதும் இருக்கும், அதை இந்தப் பகுதி போக்கும். நான் மதிப்பெண் போட்ட காலத்தில் இந்தப் பகுதி இருந்த விண்ணப்பங்கள் மிகக் குறைவு, இருந்தவற்றை மறக்கவில்லை.

கருத்துக் கேட்பும் வேண்டும். பெயரில்லாப் படிவத்தில் கேளுங்கள். ஐந்து பேருக்கும் குறைவான குழுவின் விடைகளைத் தனியாக வெளியிடாதீர்கள், யார் சொன்னது என்று தெரிந்துவிடும். விலகுகிறவரிடம் ஏன் போகிறீர்கள் என்று கேட்பதைவிட, இருக்கிறவரிடம் ஏன் இன்னும் இருக்கிறீர்கள் என்று கேட்டால் அதிகம் தெரியும். போகிறவர் நல்ல சான்றிதழுக்காகக் கசப்பை விழுங்கிவிட்டு "சொந்தக் காரணம்" என்பார்.

எழுதிக்கொடுக்க வெளியாளை வைத்துக்கொள்ளலாமா என்றால், மொழியைச் சீர்செய்ய, பட்ஜெட்டைச் சரிபார்க்க, காலக்கெடுவை நினைவூட்ட வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தைச் சிந்திக்கும் வேலையை வெளியே கொடுக்காதீர்கள். இரண்டு களப்பணியாளர், ஒரு மேற்பார்வையாளர், கோப்புகளைக் கையாளும் அலுவலர் ஒருவர், வளர்ப்புப் பெற்றோர் ஒருவர், பராமரிப்பில் வளர்ந்து பெரியவரான ஒருவர், நிதிப் பிரிவிலிருந்து ஒருவர். இந்த ஏழு பேரும் வாரம் ஒருமுறை உட்கார வேண்டும். தொழிற்சங்கம் இருந்தால் முதல் வாரமே அவர்களிடம் பேசிவிடுங்கள், கடைசியில் தெரிவித்தால் எதிர்ப்பார்கள், அது நியாயமும்கூட. வெளியிலிருந்து வருகிற வளர்ப்புப் பெற்றோருக்கும் இளைஞருக்கும் அவர்கள் நேரத்துக்கு உரிய தொகை கொடுங்கள், பட்ஜெட்டிலும் அதைக் காட்டுங்கள். அவர்கள் கதையை மட்டும் வாங்கிக்கொண்டு நேரத்துக்கு ஒன்றும் தராமல் அனுப்புவது இந்தத் துறையில் நெடுநாளாக நடந்துவரும் தவறு.

வேலைக்கு ஆள் நிற்காத நிறுவனம் கேட்கும் முதல் நிதி பெரும்பாலும் பயிற்சிக்குத்தான். எனக்கு இதில் உறுதியான கருத்து இருக்கிறது: பயிற்சியை மையமாக வைக்காதீர்கள். பயிற்சி பெற்றவர் எட்டு மாதத்தில் போய்விட்டால் அந்தப் பணமும் அவரோடு போகிறது. பயிற்சியிலிருந்து திரும்பி வந்தவர் கற்றதைச் செய்து பார்க்க அலுவலகம் இடம் தராவிட்டாலும் அதே கதிதான். பணம் போக வேண்டிய இடம் மேற்பார்வையாளரின் நேரம். ஒரு மேற்பார்வையாளரின் கீழ் எட்டுப் பேர், ஒன்பது பேர், அதற்கு மேல் தானே சில குழந்தைகளின் கோப்புகளையும் பார்க்கிறார் என்றால், அவர் தன் கீழுள்ளவரோடு வாரம் ஒரு மணிநேரம் அமைதியாக உட்கார்ந்து, "அந்த வீட்டுக்குப் போனபோது உனக்கு என்ன தோன்றியது?" என்று கேட்க முடியாது. கெடு தப்பிய படிவங்களின் பட்டியலைத்தான் நீட்டுவார். களப்பணியாளர் அன்றாடம் கேட்பதும் பார்ப்பதும் மனத்தில் தங்கி அவர்களையே காயப்படுத்தும். அதைப் பேச ஓர் இடம் இல்லாத அலுவலகத்தில் நல்லவர்கள்தான் முதலில் போகிறார்கள், கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகியவர்கள் தங்கிவிடுகிறார்கள்.

ஆகவே மேற்பார்வையாளரிடமிருந்து கோப்புச் சுமையை எடுக்க எவ்வளவு ஆள் தேவை, அவர்களுக்கு வழிகாட்ட அனுபவமுள்ள ஒருவர் எத்தனை நாள் வர வேண்டும், கோப்பு கைமாறும்போது பழையவரும் புதியவரும் சேர்ந்து குழந்தையைப் பார்க்கப் போக எத்தனை மணிநேரம், அந்த நேரத்தில் அவர்கள் வேலையை யார் பார்ப்பது என்று கணக்கிடுங்கள். கடைசியாகச் சொன்னது எல்லோரும் மறப்பது. பத்துப் பேரைக் கூட்டத்துக்கு அழைத்தால் அந்த மூன்று மணிநேரம் தொலைபேசியை யார் எடுப்பது? மாற்று ஆளுக்கான தொகை பட்ஜெட்டில் இல்லாவிட்டால் மாற்றமே பணியாளர் மேல் இன்னொரு சுமையாக இறங்கும். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் பட்ஜெட்டில் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

காலத்தைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். ஒரு புதிய நடைமுறை அலுவலகத்தில் வேரூன்ற இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும் என்பது நடைமுறையாக்கத்தை ஆராய்கிறவர்கள் பொதுவாகச் சொல்வது. மூன்றாண்டு நிதியில் முதல் ஆறேழு மாதம் ஆயத்தத்துக்கே போகும். அதை மறைத்து, மூன்றாம் மாதத்திலேயே எல்லா அலுவலகத்திலும் தொடங்குவோம் என்று அட்டவணை போட்டால், அனுபவமில்லாதவர்கள் எழுதியது என்று தெரிந்துவிடும். ஒரு குழுவில் ஆரம்பித்து, ஒரு மாதம் செய்து பார்த்து, தவறியதைத் திருத்தி, அடுத்த குழுவுக்குக் கொண்டுபோங்கள்.

இந்தப் படிப்படியான முறை மதிப்பீட்டுக்கும் உதவும். உங்களிடம் ஆறு அலுவலகங்கள் இருந்தால், எந்த அலுவலகம் எப்போது தொடங்கும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யுங்கள். எல்லா அலுவலகத்துக்கும் திட்டம் கிடைக்கும், யாருக்கும் மறுக்கப்படாது. ஆனால் முதலில் தொடங்கியவற்றையும் இன்னும் தொடங்காதவற்றையும் ஒப்பிட முடியும். சிறிய நிறுவனம்கூட இதைச் செய்யலாம்.

எதை அளப்பது என்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் சொன்னது நடந்ததா: மேற்பார்வை உரையாடல் வாராவாரம் நடந்ததா, எவ்வளவு நேரம். அடுத்தது பணியாளர்: பணிச்சூழல் பற்றிய கருத்து மாறியதா, விலகல் குறைந்ததா. கடைசியில் குழந்தை: ஒரு குழந்தைக்கு ஓராண்டில் எத்தனை பணியாளர் மாறினார்கள், மாதந்தோறும் நேரில் பார்த்தார்களா, வீடு மாற்றம் எத்தனை முறை. இந்த மூன்றாவது வகையில் நீங்களே எளிதாக எண்ணக்கூடிய முதல் எண், குழந்தைக்கு எத்தனை பணியாளர் என்பது, திட்டத்தின் இதயம். அந்த ஒன்பது வயதுப் பையனின் கோப்பிலிருந்து வருவது அதுதான். மறுபடியும் கொடுமைக்கு ஆளாகும் குழந்தைகளின் எண்ணிக்கை மூன்றாண்டில் பாதியாகும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது அவ்வளவு வேகமாக நகராது. அது மட்டுமில்லை, பணியாளர்கள் குடும்பங்களை நன்றாக அறியத் தொடங்கினால் முன்பு தெரியாமல் போனவையும் பதிவாகி, முதலில் எண்ணிக்கை ஏறக்கூடக் கூடும். இதை முன்கூட்டிச் சொல்லி வைத்தால் இரண்டாம் ஆண்டு அறிக்கையில் தலைகுனிய வேண்டியிருக்காது.

தலைமை மாறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் விடை வையுங்கள். இயக்குநரின் ஆர்வத்தில் மட்டும் நிற்கும் திட்டம் அவர் மாற்றலானதும் படுத்துவிடும். ஒரு நிறுவனத்தில் பதினான்காம் மாதத்தில் அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்தவர் கெட்டவரில்லை, அவருக்கு வேறு முன்னுரிமைகள் இருந்தன, அவ்வளவுதான். திட்டத்தை நடத்தும் குழு பல மட்டத்து ஆட்களால் ஆனதாக இருந்து, வாராந்தர மேற்பார்வை என்பது பணி விதியிலும் மேற்பார்வையாளரின் பொறுப்புப் பட்டியலிலும் எழுதப்பட்டுவிட்டால், ஆள் மாறினாலும் பழக்கம் நிற்கும். நிதி முடிந்த பின் எப்படி நடத்துவீர்கள் என்ற பகுதிக்கும் இதே விடைதான். ஒருமுறை செலவு எது, ஆண்டாண்டு தொடரும் செலவு எது என்று பிரியுங்கள். தொடரும் செலவை மூன்றாம் ஆண்டில் பாதி உங்கள் சொந்த பட்ஜெட்டிலிருந்து ஏற்கத் தொடங்குவதாகக் காட்டுங்கள். ஒருவர் விலகினால் புதியவரை எடுத்துப் பழக்க ஆகும் செலவை நிதிப் பிரிவைக் கொண்டு கணக்கிட்டு வைத்துக்கொண்டால், குறையும் விலகல்களிலிருந்தே அந்தப் பாதி வரும் என்று உங்களால் எழுத முடியும்.

ஆதரவுக் கடிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. "இந்த உன்னத முயற்சியை வரவேற்கிறோம்" என்று ஒரே அச்சில் பன்னிரண்டு கடிதம் வேண்டாம். நீதிமன்றமோ பள்ளியோ சுகாதாரத் துறையோ, தான் எதைச் செய்யும் என்று ஒரே ஒரு வாக்குறுதியைத் தெளிவாக எழுதிய மூன்று கடிதம் போதும்.

அழைப்பு ஆவணத்தை அச்சிட்டு, மதிப்பெண் எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்ற பக்கத்தைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளர் அந்த வரிசையில்தான் படிப்பார், ஆகவே தலைப்புகளை அவர்கள் சொல்லிலேயே, அவர்கள் வரிசையிலேயே வையுங்கள். தகுதி விதிகளை முதல் நாளே பாருங்கள். பங்குத் தொகை, அதாவது உங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு பகுதிப் பணம், கேட்கிறார்களா என்றும் பாருங்கள், நிதிப் பிரிவுக்கு அதுவே பெரிய வேலை. இவையெல்லாம் எவருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் நீட்டவில்லை, ஆனால் நல்ல திட்டங்கள் பக்க வரம்பு மீறியதற்காகப் படிக்கப்படாமலே திரும்பியதைக் கண்டிருக்கிறேன்.

எழுதி முடித்ததும், எழுதும் குழுவில் இல்லாத ஒரு களப்பணியாளரிடம் கொடுங்கள், அதுவும் சேர்ந்து ஓராண்டு ஆகாதவராக இருந்தால் நல்லது. கையில் ஒரு பென்சிலும், அரைநாள் அவர் கோப்புகளைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆளும் கொடுங்கள். "இது நம்ம ஆபீஸ் இல்லையே" என்று தோன்றும் இடத்திலெல்லாம் கோடு போடச் சொல்லுங்கள். கோடு விழுந்த வரிகளை அன்றைக்கே அவரோடு உட்கார்ந்து திருத்திவிட்டு, கெடுவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். கடைசி நாள் மாலையில் இணையதளம் திணறும்.